கிங் ஹூ

கிங் ஹூ (ஏப்ரல் 29, 1932 – ஜனவரி 14, 1997) ஹாங்காங்கிலும் தைவானிலும் பணியாற்றிய சீனத் திரைப்பட இயக்குநர் ஆவார். இவரது சீனப் பெயர் ஹூ ஜின்சுவான் என்பதாகும். சீன வழக்கப்படி ஹூ என்பது குடும்பப் பெயர். இயக்கத்தோடு திரைக்கதை, கலை இயக்கம், படத்தொகுப்பு, நடிப்பு ஆகிய துறைகளிலும் இவர் ஈடுபட்டார். வூசியா எனப்படும் வாள்வீரர் திரைப்பட வகைக்குப் புது வடிவம் தந்தவர்களுள் இவர் முதன்மையானவராகக் கருதப்படுகின்றார். கம் டிரிங்க் வித் மீ (1966), டிராகன் இன் (1967), அ டச் ஆஃப் ஜென் (1971) ஆகியன இவரது புகழ்பெற்ற திரைப்படங்கள் ஆகும்.

இவரது படங்களில் இரண்டு கூறுகள் தொடர்ந்து காணப்படுகின்றன. ஒன்று, சீன ஓவியத்தையும் பீக்கிங் ஒப்பேராவையும் அடிப்படையாகக் கொண்ட காட்சி நடை. மற்றொன்று, கதையின் மையத்தில் நின்று போரிடும் பெண் பாத்திரங்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. உடல் வலிமையை விட அசைவின் தாளத்தையும், பார்வையையும், படத்தொகுப்பையும் கொண்டே இவர் சண்டைக் காட்சிகளை உருவாக்கினார். ஆகவே போர்க்கலைப் பயிற்சி இல்லாத நடிகையரும் இவரது படங்களில் நம்பத்தகுந்த வீராங்கனைகளாகத் தோன்ற முடிந்தது.

வூசியா வகை

வூ என்பது போர்க்கலையையும், சியா என்பது அறநெறி தவறாத வீரரையும் குறிக்கும் சீனச் சொற்கள் ஆகும். தமிழகத்தில் குங்ஃபூ படங்கள் என்று பொதுவாக அழைக்கப்படுபவற்றில் இரு வகைகள் உள்ளன. வெறுங்கையால் போரிடுவதை முதன்மையாகக் கொண்டவை குங்ஃபூ படங்கள். பண்டைக்காலப் பின்னணியில் வாளேந்திய வீரர்களைப் பற்றியவை வூசியா படங்கள். கிங் ஹூவின் புகழ்பெற்ற படங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வாளேந்திய பெண் என்பது கிங் ஹூ உருவாக்கிய கற்பனை அன்று. தாங் அரசமரபுக் காலக் கதைகளிலேயே நியே யின்னியாங் போன்ற வீரப் பெண்கள் இடம்பெறுகின்றனர். பீக்கிங் ஒப்பேராவில் போர்ப்பெண் வேடத்திற்கெனத் தனிப் பயிற்சி முறை உண்டு. 1920களின் இறுதியில் ஷாங்காயில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களிலும் வாள்வீராங்கனைகள் தோன்றினர். த ரெட் ஹீரோயின் (1929) அவற்றுள் ஒன்று. 1950களிலும் 1960களிலும் ஹாங்காங்கில் வெளிவந்த கண்டோனிய மொழிப் படங்களிலும் இத்தகைய நாயகியர் இருந்தனர். பழைய மரபில் வந்த இவ்வுருவத்திற்குத் திரைப்படத்துக்கே உரிய மொழியை அமைத்துத் தந்ததே கிங் ஹூவின் பங்களிப்பு ஆகும்.

இளமைக்காலம்

கிங் ஹூ பெய்ஜிங் நகரில் பிறந்தார். இவரது குடும்பத்தின் பூர்வீகம் ஹேபெய் மாகாணம் ஆகும். பெய்ஜிங்கில் வளர்ந்த காலத்தில் பீக்கிங் ஒப்பேரா நிகழ்ச்சிகளைக் காணும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது. ஓவியம் வரைவதிலும் வரலாற்று நூல்களைப் படிப்பதிலும் இவருக்கு ஈடுபாடு இருந்தது. இம்மூன்றும் பின்னாளில் இவரது திரைப்படங்களுக்கு அடித்தளமாயின.

சீன உள்நாட்டுப் போர் முடிவுக்கு வந்த 1949 ஆம் ஆண்டளவில் இவர் ஹாங்காங் சென்றார். அங்கு பிழைப்புக்காக அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநர், விளம்பர ஓவியர், ஆங்கிலம் கற்பிப்பவர் எனப் பல வேலைகளைச் செய்தார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலிக்கும் பணியாற்றினார். திரைப்பட விளம்பர ஓவியங்கள், அரங்க அலங்காரம் ஆகியவற்றின் வழியாகத் திரைத்துறைக்குள் நுழைந்தார். சில படங்களில் துணை நடிகராகவும் தோன்றினார்.

ஷா சகோதரர்கள் நிறுவனத்தில்

1958 இல் கிங் ஹூ ஷா சகோதரர்கள் நிறுவனத்தில் சேர்ந்தார். ரன் ரன் ஷா தலைமையில் இயங்கிய இந்நிறுவனம் அக்காலத்தில் ஹாங்காங்கின் மிகப் பெரிய படத்தயாரிப்பு நிறுவனமாக வளர்ந்து கொண்டிருந்தது. நடிகர்கள், இயக்குநர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் ஆகியோர் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டு, ஒரே வளாகத்தில் பல படங்கள் ஒரே நேரத்தில் தயாரிக்கப்பட்டன. கிங் ஹூ அங்கு அரங்க அலங்காரம், நடிப்பு, திரைக்கதை, உதவி இயக்கம் ஆகிய பணிகளைச் செய்தார்.

இவருக்கு வழிகாட்டியாக விளங்கியவர் இயக்குநர் லி ஹான்-சியாங் ஆவார். அவர் இயக்கி 1963 இல் வெளிவந்த த லவ் எடர்ன் படத்தில் கிங் ஹூ அவருக்கு உதவினார். கல்வி கற்பதற்காக ஆண் வேடமிட்டுச் செல்லும் பெண்ணொருத்தியின் கதை அது. அப்படத்தின் ஆண் நாயகனாக நடித்தவரும் ஒரு பெண்ணே, நடிகை ஐவி லிங் போ. ஆண் உடையில் வரும் பெண் என்னும் ஒப்பேரா மரபு கிங் ஹூவின் பிற்காலப் படங்களில் வேறு பயனுக்காகக் கையாளப்பட்டது.

லி ஹான்-சியாங்கின் மேற்பார்வையில் த ஸ்டோரி ஆஃப் சூ சான் (1964) படத்தை இவர் இயக்கினார். தனித்து இயக்கிய முதற் படம் சன்ஸ் ஆஃப் த குட் எர்த் (1965) ஆகும். அது சீன-ஜப்பானியப் போரைப் பற்றியது.

கம் டிரிங்க் வித் மீ

1966 இல் வெளிவந்த கம் டிரிங்க் வித் மீ கிங் ஹூவுக்குப் பெரும் புகழைத் தேடித் தந்தது. கொள்ளையர் கூட்டம் ஒன்று, சிறைப்பட்ட தம் தலைவனை விடுவிக்கும் பொருட்டு ஆளுநரின் மகனைக் கடத்திச் செல்கின்றது. அவனை மீட்க வருபவர் பொற்குருவி என்னும் பட்டப்பெயர் கொண்ட அவனது சகோதரி. பொற்குருவியாக நடித்த செங் பெய்-பெய் அப்போது ஏறத்தாழ இருபது வயதினர். ஷாங்காயில் பாலே நடனம் பயின்ற அவர் போர்க்கலை பயின்றவர் அல்லர். நடனக்காரரிடம் உள்ள சமநிலையும் தாள உணர்வும் சண்டைக் காட்சிக்குப் போதுமானவை என்று கிங் ஹூ கருதினார்.

படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் விடுதிக் காட்சி இவரது முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். ஆண் உடையணிந்த பொற்குருவி தனியாக வந்து ஒரு மேசையில் அமர்கின்றார். அங்கிருப்பவர்களுள் கொள்ளையர் பலர். ஒவ்வொருவராக அவரைச் சோதிக்கின்றனர். எறியப்படும் பொருட்களை அவர் இருக்கையை விட்டு எழாமலேயே எதிர்கொள்கின்றார். சண்டை வெடிப்பதற்கு முன்பே அவரது திறமை பார்வையாளருக்குப் புலப்பட்டு விடுகின்றது. ஆண் உடை இங்கு நகைச்சுவைக்கோ காதல் குழப்பத்திற்கோ பயன்படவில்லை. அலுவல் நிமித்தம் வந்த ஒருவரின் சீருடை போலவே அது அமைகின்றது.

எனினும் கதை முழுவதும் பொற்குருவியின் கையில் இல்லை. நஞ்சு தோய்ந்த எறிபடை பாய்ந்து அவர் வீழும்போது, குடிகாரப் பிச்சைக்காரராகத் திரியும் வீரர் ஒருவர் அவரைக் காப்பாற்றுகின்றார். இறுதிச் சண்டை அவ்வீரருக்கும் தீய மடத்தலைவருக்கும் இடையே நிகழ்கின்றது. 1968 இல் இதே பாத்திரத்தை வைத்து இயக்குநர் சாங் சே எடுத்த கோல்டன் ஸ்வாலோ படத்தில் கதையின் எடை ஆண் நாயகனாக நடித்த ஜிம்மி வாங் யூவின் பக்கம் மேலும் சாய்ந்தது. படத்தின் பெயர் மட்டும் பெண்ணுடையதாக எஞ்சியது.

தைவானும் டிராகன் இன் படமும்

விரைவாகவும் குறித்த செலவிலும் படங்களை முடிக்க வேண்டும் என்பது ஷா நிறுவனத்தின் நடைமுறை. உடை, அரங்கம், படத்தொகுப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் நேரம் செலவிடும் கிங் ஹூவின் பணிமுறை இதனோடு பொருந்தவில்லை. கம் டிரிங்க் வித் மீ படத்திற்குப் பின் இவர் நிறுவனத்தை விட்டு விலகித் தைவானுக்குச் சென்று, யூனியன் திரைப்பட நிறுவனத்தில் இணைந்தார். அங்கு புதுமுகங்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்துத் தமக்கென ஒரு நடிகர் குழுவை உருவாக்கினார். ஷி சுன், பாய் யிங், ஷாங்குவான் லிங்-ஃபெங், ஷு ஃபெங் ஆகியோர் இக்குழுவைச் சேர்ந்தவர்கள்.

1967 இல் வெளிவந்த டிராகன் இன் தைவான், ஹாங்காங், தென்கிழக்காசிய நாடுகள் ஆகியவற்றில் மிகப் பெரிய வெற்றி பெற்றது. கதை மிங் அரசமரபுக் காலத்தில், 1457 இல் நிகழ்கின்றது. அரண்மனை அண்ணகர்களின் கட்டுப்பாட்டில் இருந்த டோங்சாங் எனப்படும் இரகசியக் காவல் அமைப்பு, நேர்மையான அமைச்சர் ஒருவருக்கு மரணதண்டனை விதிக்கச் செய்கின்றது. நாடு கடத்தப்பட்ட அவரது பிள்ளைகளையும் எல்லைப்புற விடுதி ஒன்றில் வைத்துக் கொல்லத் திட்டமிடுகின்றது. அவர்களைக் காப்பாற்ற வருபவர்களுள் ஷாங்குவான் லிங்-ஃபெங் ஏற்ற வாள்வீராங்கனைப் பாத்திரமும் ஒன்று. இப்படத்தில் அவர் காதலியாகவோ காக்கப்பட வேண்டியவராகவோ காட்டப்படவில்லை. குழுவில் உள்ள ஆண்களுக்கு இணையாகவே திட்டமிட்டுப் போரிடுகின்றார்.

அ டச் ஆஃப் ஜென்

கிங் ஹூவின் தலைசிறந்த படைப்பாகக் கருதப்படுவது அ டச் ஆஃப் ஜென் ஆகும். இதன் சீனப் பெயரான சியா நூ என்பதற்கு வீரப்பெண் என்பது பொருள். பூ சோங்லிங் (1640–1715) தொகுத்த விந்தைக் கதைகளுள் ஒன்றைத் தழுவி இதன் திரைக்கதை எழுதப்பட்டது.

கதைச் சுருக்கம்: கடிதம் எழுதிக் கொடுத்தும் உருவப்படம் வரைந்தும் வாழும் ஏழை அறிஞர் கு, தம் தாயுடன் பாழடைந்த கோட்டை ஒன்றின் அருகில் வசிக்கின்றார். பேய்கள் உலவுவதாக நம்பப்படும் அக்கோட்டையில் யாங் என்னும் இளம்பெண் குடியேறுகின்றார். அவர் டோங்சாங் அமைப்பால் கொல்லப்பட்ட அமைச்சர் ஒருவரின் மகள் என்பதும், தேர்ந்த வாள்வீராங்கனை என்பதும் பின்னர் தெரிய வருகின்றன. தேடி வரும் படையினரை வெல்லப் பேய்க்கதையையே ஆயுதமாக்கும் சூழ்ச்சியைக் கு வகுக்கின்றார். சூழ்ச்சி வெற்றி பெறுகின்றது. மறுநாள் காலை தம் பொறிகளைப் பார்த்துச் சிரித்தபடி நடக்கும் கு, குவிந்து கிடக்கும் உடல்களைக் கண்டு சிரிப்பை இழக்கின்றார். யாங் தமக்குப் பிறந்த குழந்தையைக் குவிடம் ஒப்படைத்துவிட்டுப் பௌத்த மடத்தில் சேர்கின்றார்.

யாங்காக ஷு ஃபெங் நடித்தார். வழக்கமான வீரக் கதையில் ஆணுக்கு உரியனவாகக் கருதப்படும் செயல்கள் இங்கு பெண்ணுக்கு உரியனவாகின்றன. போரிடுபவர் யாங், வீட்டில் தாயின் வசைக்கு உள்ளாகுபவர் கு. குழந்தையை வளர்க்கும் பொறுப்பும் தந்தைக்கே வருகின்றது. யாங்கின் முடிவுகளை எவரும் அவருக்காக எடுப்பதில்லை. இம்மாற்றத்தைப் படம் நகைச்சுவையாக ஆக்காமல் இயல்பான ஒன்றாகவே காட்டுகின்றது.

படத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் சண்டைக் காட்சிகள் ஏறத்தாழ இல்லை எனலாம். சிலந்தி வலை, நாணல், மூடுபனி, பாழடைந்த சுவர்கள் ஆகியவற்றின் வழியாக ஊரும் கோட்டையும் மெதுவாக அறிமுகமாகின்றன. இதற்கென ஓர் ஊரையே அரங்கமாக அமைத்து, அது பழமை தோற்றம் பெறும் வரை கிங் ஹூ காத்திருந்தார்.

இப்படத்தில் வரும் மூங்கில் காட்டுச் சண்டை உலகத் திரைப்பட வரலாற்றில் குறிப்பிடத்தக்க காட்சி ஆகும். சில நிமிடங்களே ஓடும் இக்காட்சியின் படப்பிடிப்பு 25 நாட்கள் நடைபெற்றது. அடர்ந்த மூங்கில்களின் ஊடே பகலவனின் ஒளி கீற்றுகளாக இறங்கும் குறுகிய நேரங்களில் மட்டுமே படமெடுக்க முடிந்தது தாமதத்திற்கு ஒரு காரணம். தளபதி ஷியின் துணையுடன் மூங்கிலின் உச்சிக்கு எழும் யாங், அங்கிருந்து தலைகீழாகப் பாய்ந்து எதிரியைத் தாக்குகின்றார். இப்பாய்ச்சல் ஒரே தொடர்ச்சியான அசைவு போலத் தோன்றினாலும், தனித்தனியே எடுக்கப்பட்ட மிகச் சிறிய துண்டுகளின் தொகுப்பே ஆகும்.

தைவானில் இப்படம் இரண்டு பாகங்களாக 1970 இலும் 1971 இலும் வெளியிடப்பட்டது. அங்கு வசூலில் தோல்வி அடைந்தது. ஹாங்காங்கில் 1971 இன் இறுதியில் சுருக்கப்பட்ட வடிவமே திரையிடப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு வெளிவந்த புரூஸ் லீயின் த பிக் பாஸ் திரைப்படம் இரசிகர்களின் சுவையை வெறுங்கைச் சண்டையின் பக்கம் திருப்பியிருந்தது. த பிக் பாஸ் படத்தில் தீய முதலாளியாக நடித்த ஹான் யிங்-ஜியே, கிங் ஹூவின் நெடுநாள் சண்டைப் பயிற்சியாளர் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று மணி நேரம் ஓடும் முழு வடிவம் 1975 இல் கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவில் திரையிடப்பட்டு, உயர் தொழில்நுட்ப ஆணையத்தின் பெரும் பரிசைப் பெற்றது. உள்நாட்டில் தோல்வியுற்ற படம் நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிநாட்டில் மதிப்புப் பெற்றமையால், கிங் ஹூவின் பெயர் உலக அளவில் அறியப்படலாயிற்று.

காட்சி நடை

கிங் ஹூவின் சண்டைக் காட்சிகள் உண்மையான சண்டையைப் போலச் செய்வன அல்ல. அவை நடனத்துக்கு நெருக்கமானவை. சண்டைப் பயிற்சியாளர் ஹான் யிங்-ஜியே பீக்கிங் ஒப்பேராவில் பயின்றவர். ஒப்பேராவில் நடிகர் வேகமாக அசைந்து, தாள வாத்தியத்தின் ஓர் அடியில் சிலை போல உறைந்து நிற்பதுண்டு. கிங் ஹூவின் பாத்திரங்களும் இவ்வாறே அசைவுக்கும் அமைதிக்கும் இடையே மாறுகின்றன. பின்னணி இசையில் மரத்தாளம், சேகண்டி, முரசு ஆகியன முதன்மை பெறுகின்றன.

படத்தொகுப்பில் இவர் கையாண்ட முறை புதுமையானது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைப்படத்தில், இவரது சண்டைக் காட்சிகளின் சில துண்டுகள் பத்துச் சட்டகங்களுக்கும் குறைவானவை. ஒருவர் தாவிப் பாய்வது முழுமையாகக் காட்டப்படுவதில்லை. எழும்பும் கால், காற்றில் மறையும் உடை, இறங்கிய பின் நிமிரும் முகம் ஆகியவை மட்டும் தெரிகின்றன. இடைப்பட்ட பகுதியைப் பார்வையாளரின் மனமே நிரப்பிக் கொள்கின்றது. கண்ணால் பின்தொடர இயலாத வேகம் என்னும் உணர்வு இதனால் உண்டாகின்றது. அமெரிக்கத் திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்டுவெல் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

தாவும் காட்சிகளுக்குக் கம்பிகளை விட டிராம்போலின் எனப்படும் மீள்விசைக் குதிமேடையே அதிகம் பயன்படுத்தப்பட்டது. நடிகர் மேலெழும் துண்டும் கீழிறங்கும் துண்டும் தனித்தனியே எடுக்கப்பட்டு இணைக்கப்பட்டன.

இடத்தைக் கையாள்வதில் இவருக்குப் பிடித்தமானது விடுதி ஆகும். கம் டிரிங்க் வித் மீ, டிராகன் இன், த ஃபேட் ஆஃப் லீ கான் ஆகிய மூன்றும் விடுதிப் படங்கள் என்று சேர்த்துக் குறிப்பிடப்படுவதுண்டு. மாடிப்படி, மேல்தளம், தூண்கள், மேசைகள், பல வாயில்கள் ஆகியவற்றைக் கொண்ட விடுதி ஒரு நாடக மேடையாகின்றது. யார் நண்பர், யார் பகைவர் என்பது தெரியாமல் அனைவரும் ஒருவரையொருவர் நோட்டமிடுகின்றனர். அகன்ற திரையின் இரு ஓரங்களிலும் பாத்திரங்களை நிறுத்தி, இடையில் உள்ள வெற்றிடத்தையே பதற்றத்தின் மூலமாக இவர் ஆக்கினார்.

வெளிப்புறக் காட்சிகளில் சீன நிலக்காட்சி ஓவியத்தின் தாக்கம் தெளிவாகத் தெரிகின்றது. மலையும் மூடுபனியும் திரையின் பெரும்பகுதியை நிரப்ப, மனித உருவம் சிறியதாக நிற்கின்றது. பனிக்காகப் புகையைத் தாராளமாகப் பயன்படுத்தினார். மிங் காலத்து உடை, தலையணி, அலுவல் முறை ஆகியவற்றை நூல்களில் ஆராய்ந்து படங்களில் அமைத்தார்.

பெண் பாத்திரங்கள்

கிங் ஹூவின் நாயகியரிடம் சில பொதுக்கூறுகள் உள்ளன. அவர்கள் குறைவாகப் பேசுகின்றனர். காதலுக்காகப் போரிடுவதில்லை, கடமைக்காகவோ நீதிக்காகவோ போரிடுகின்றனர். அவர்களது வலிமை முதலில் கண்களில் காட்டப்படுகின்றது. இமைக்காமல் எதிரியை நோக்கும் ஷு ஃபெங்கின் பார்வை, வாள் உறையிலிருந்து வெளிவரும் முன்பே சண்டையைத் தொடங்கி வைக்கின்றது.

முன்னர்க் கூறப்பட்ட காட்சி நடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. புரூஸ் லீயின் படங்களில் நடிகரின் உடலே சான்று. அவர் உண்மையில் அடிக்கிறார் என்பதைப் பார்வையாளர் இடைவெட்டு இல்லாமல் காண வேண்டும். சாங் சேயின் படங்களில் ஆண்களின் வெற்றுடலும் குருதியும் முன்னிறுத்தப்பட்டன. கிங் ஹூவின் முறையில் திறமை என்பது காலக்கணிப்பும் சமநிலையும் கவனமும் ஆகும். இவற்றில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. எனவே இவரது நாயகியர் விதிவிலக்குகளாகத் தோன்றுவதில்லை.

த ஃபேட் ஆஃப் லீ கான் (1973) இவ்வகையில் மிக விரிவான முயற்சி ஆகும். மங்கோலிய யுவான் ஆட்சியின் இறுதிக்காலத்தில் நிகழும் இக்கதையில், விடுதியின் உரிமையாளரும் பணிப்பெண்கள் நால்வரும் கிளர்ச்சிக் குழுவின் ஒற்றர்கள். எதிரியின் கையில் உள்ள போர்த்திட்ட வரைபடத்தைக் கைப்பற்றுவது அவர்களது நோக்கம். மூத்த நடிகை லி லிஹுவா உரிமையாளராகவும், ஏஞ்சலா மாவ், ஷாங்குவான் லிங்-ஃபெங் முதலியோர் பணிப்பெண்களாகவும் நடித்தனர். ஷு ஃபெங் இம்முறை எதிரணியில், லீ கானின் சகோதரியாகத் தோன்றினார். நல்லவர் பக்கம் மட்டுமன்றித் தீயவர் பக்கத்திலும் கூர்மையான அறிவுடைய பெண்ணே முன் நிற்கின்றார்.

த வேலியண்ட் ஒன்ஸ் (1975) கடற்கொள்ளையரை எதிர்க்கும் குழுவைப் பற்றியது. இதில் ஷு ஃபெங்கின் பாத்திரம் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. கணவனும் மனைவியுமாக இணைந்து போரிடும் காட்சிகளில் ஒருவர் மற்றவரின் அசைவைச் சொல்லின்றி உணர்ந்து செயற்படுகின்றனர். இப்படத்தின் சண்டை அமைப்பில் சாம்மோ ஹங் பங்காற்றியதோடு கொள்ளையர் தலைவனாகவும் நடித்தார்.

இவரது நாயகியருக்கு ஓர் எல்லையும் உண்டு. அவர்களது உள்வாழ்க்கையைப் படங்கள் அதிகம் திறந்து காட்டுவதில்லை. யாங் ஏன் துறவு பூண்டார் என்பதைப் பார்வையாளர் ஊகிக்க வேண்டியுள்ளது. எனினும் ஆண் பாத்திரங்களையும் கிங் ஹூ இவ்வாறே வெளியிலிருந்து காட்டினார் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிற்காலப் படங்கள்

1970 இல் நால்வர் இயக்கிய ஃபோர் மூட்ஸ் என்னும் தொகுப்புப் படத்தில் ஒரு பகுதியைக் கிங் ஹூ இயக்கினார். பொருளாதார நெருக்கடியில் இருந்த லி ஹான்-சியாங்குக்கு உதவும் பொருட்டு அப்படம் எடுக்கப்பட்டது. 1978 இல் இன்டர்நேஷனல் ஃபிலிம் கைடு என்னும் ஆண்டு வெளியீடு அவ்வாண்டின் ஐந்து சிறந்த இயக்குநர்களுள் ஒருவராக இவரைத் தெரிவு செய்தது.

1979 இல் ரெயினிங் இன் த மவுண்டன், லெஜண்ட் ஆஃப் த மவுண்டன் ஆகிய இரு படங்கள் வெளிவந்தன. இரண்டும் தென் கொரியாவில், அங்குள்ள பழைய மடங்களையும் மலைகளையும் பயன்படுத்தி எடுக்கப்பட்டவை. முதற் படத்தில் பௌத்த மடம் ஒன்றிலுள்ள அரிய ஏட்டுச்சுருளைத் திருட வருபவர்களுள் ஒருவராக ஷு ஃபெங் நடித்தார். சண்டை குறைந்து, நீண்ட நடைக்கூடங்களில் ஓடுவதும் ஒளிவதுமே காட்சியின் விசையாக அமைந்த படம் இது. இரண்டாம் படத்தின் திரைக்கதையை எழுத்தாளர் சுங் லிங் எழுதினார்.

எழுத்திலும் கிங் ஹூவுக்கு ஆர்வம் இருந்தது. பெய்ஜிங் எழுத்தாளர் லாவ் ஷேயைப் பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார்.

1980களில் இவரது வாய்ப்புகள் குறைந்தன. ஹாங்காங் திரைத்துறையின் வேகமும் செலவுக் கணக்கும் இவரது பணிமுறைக்கு இடமளிக்கவில்லை. 1990 இல் வெளிவந்த ஸ்வார்ட்ஸ்மேன் படத்தைத் தயாரிப்பாளர் சுய் ஹார்க்கின் அழைப்பை ஏற்று இயக்கத் தொடங்கினார். இடையில் விலகியதால், படத்தைச் சுய் ஹார்க், சிங் சியூ-துங் முதலியோர் முடித்தனர். இயக்குநராக இவர் பெயரும் இடம்பெற்றது. இறுதிப் படமான பெயிண்டட் ஸ்கின் (1993) மீண்டும் பூ சோங்லிங்கின் கதையைத் தழுவியது.

இறுதிக்காலம்

கிங் ஹூ தம் இறுதி ஆண்டுகளில் பெரும்பாலும் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வாழ்ந்தார். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்க இருப்புப்பாதை அமைப்பில் உழைத்த சீனத் தொழிலாளரைப் பற்றிய படம் ஒன்றை எடுக்க நெடுங்காலம் முயன்றார். அதற்கான ஏற்பாடுகள் நடந்து வந்த நிலையில், 1997 ஜனவரி 14 அன்று தைபேயில் இதயக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சையின்போது காலமானார். அப்படம் எடுக்கப்படவில்லை.

தாக்கம்

கிங் ஹூ மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2000 இல் ஆங் லீ இயக்கிய குரோச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன் வெளிவந்து, சிறந்த பிறமொழிப் படம் உட்பட நான்கு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதில் ஆண் உடையில் விடுதிக்கு வரும் இளம்பெண் அங்குள்ள வீரர்களை வீழ்த்தும் காட்சியும், மூங்கில் உச்சியில் நிகழும் சண்டையும் கிங் ஹூவின் படங்களை நினைவூட்டுவன. அவ்விளம்பெண்ணாக நடித்த சாங் சீயியும் செங் பெய்-பெய் போலவே நடனம் பயின்றவர். செங் பெய்-பெய் அதே படத்தில் ஜேட் ஃபாக்ஸ் என்னும் எதிர்மறைப் பாத்திரத்தை ஏற்றார். ஆண்களின் மடத்தில் தனக்குக் கல்வி மறுக்கப்பட்டதால் வஞ்சம் கொண்ட பெண் பாத்திரம் அது. அவர் 2024 இல் காலமானார்.

சாங் யிமோவின் ஹீரோ (2002), ஹவுஸ் ஆஃப் ஃப்ளையிங் டாகர்ஸ் (2004) ஆகியவற்றிலும் வாளேந்திய நாயகியரும் ஓவியம் போன்ற நிலக்காட்சிகளும் முதன்மை பெற்றன. பின்னதில் மூங்கில் காட்டுச் சண்டையும் உண்டு. டிராகன் இன் கதை 1992 இல் சுய் ஹார்க் தயாரிப்பில் மறு ஆக்கம் செய்யப்பட்டது. மேகி சியுங், பிரிஜிட் லின் ஆகிய இரு நடிகையர் அதன் மையமாக விளங்கினர். மூடப்படவிருக்கும் பழைய திரையரங்கில் டிராகன் இன் திரையிடப்படும் இறுதி இரவைப் பற்றி, 2003 இல் குட்பை, டிராகன் இன் என்னும் படத்தைச் சாய் மிங்-லியாங் இயக்கினார். ஜியா சாங்கே தம் 2013 ஆம் ஆண்டுப் படத்திற்கு அ டச் ஆஃப் சின் என்று பெயரிட்டார். ஹோ சியாவ்-சியென் நியே யின்னியாங்கின் கதையைத் தழுவி இயக்கிய த அசாசின், 2015 இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது.

ஷு ஃபெங் பின்னாளில் தயாரிப்பாளரானார். அவர் தயாரித்த ஃபேர்வெல் மை கன்குபைன் 1993 இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனையைப் பகிர்ந்து கொண்டது. டிராகன் இன், அ டச் ஆஃப் ஜென் ஆகிய படங்களின் சிதைந்த பிரதிகளைச் சீரமைக்கும் பணிக்கும் அவர் நிதியுதவி செய்தார். சீரமைக்கப்பட்ட வடிவங்கள் முறையே 2014, 2015 ஆம் ஆண்டுகளில் கான் விழாவின் பழம்படப் பிரிவில் திரையிடப்பட்டன. வெளிவந்த காலத்தில் வெட்டிச் சுருக்கப்பட்ட வீரப்பெண்ணின் கதை, அதில் நடித்தவரின் முயற்சியால் முழு நீளத்தில் புதிய தலைமுறையினருக்குக் கிடைத்தது.

இயக்கிய திரைப்படங்கள்

1964 – த ஸ்டோரி ஆஃப் சூ சான்
1965 – சன்ஸ் ஆஃப் த குட் எர்த்
1966 – கம் டிரிங்க் வித் மீ
1967 – டிராகன் இன்
1970 – ஃபோர் மூட்ஸ் (ஒரு பகுதி)
1971 – அ டச் ஆஃப் ஜென்
1973 – த ஃபேட் ஆஃப் லீ கான்
1975 – த வேலியண்ட் ஒன்ஸ்
1979 – ரெயினிங் இன் த மவுண்டன்
1979 – லெஜண்ட் ஆஃப் த மவுண்டன்
1981 – த ஜுவனைசர்
1983 – ஆல் த கிங்ஸ் மென்
1983 – த வீல் ஆஃப் லைஃப் (ஒரு பகுதி)
1990 – ஸ்வார்ட்ஸ்மேன் (பிறருடன் இணைந்து)
1993 – பெயிண்டட் ஸ்கின்